ராமநாதபுரம் கரையில் சைக்கிளா, பஸ்ஸா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரிகள் மிரட்டுவதற்கென்றே பேர் வாங்கிய மாவட்டம் இது. அதனால் மாற்றலாகி வருகிறவர்கள் வெயிலுக்குத் தயாராகத்தான் வருகிறார்கள். தொப்பி, பெரிய தண்ணீர் பாட்டில், காட்டன் சட்டைகள், கொஞ்சம் முன்யோசனை உள்ளவர் என்றால் ஒரு மழைக்கோட்டும் பெட்டியில் இருக்கும். காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் வடக்கே தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவு, அப்புறம் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை எங்கே வீடு எடுத்துச் சைக்கிளில் வேலைக்குப் போக நினைத்தாலும், உங்கள் நாளைத் தீர்மானிப்பது முதலில் காற்று, அதற்கப்புறம்தான் மழையும் வெயிலும். மழை இங்கே சில வாரங்களில் கொட்டி முடித்துவிடும். காற்று மாதக்கணக்கில் நிற்கும்.

பள்ளிக்கு வந்த ஆசிரியர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த நர்ஸ், பேங்க்கில் சேர்ந்த பையன், மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சிக்கு வந்த மாணவி, இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தினமும் ஐந்து முதல் பத்து கி.மீ. சைக்கிள், முடியாத நாளில் பஸ் அல்லது ரயில், இதுதான் கணக்கு.

காற்றின் பேர் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தால் வீடு பார்ப்பதற்கு முன்பே

கரையில் யாரும் தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று பேச மாட்டார்கள். கச்சான், வாடை, கொண்டல். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தெற்கும் தென்மேற்குமாக அடிப்பது கச்சான். அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடல், ஊர்க்காரர்கள் ஆண் கடல் என்பது, கொந்தளித்துக்கொண்டே இருக்கும். பாக் நீரிணைப் பக்கத்துப் பெண் கடல் சாதுவாகக் கிடக்கும். அக்டோபர் நடுவில் மழை தொடங்கியதும் காற்று வடகிழக்குக்குத் திரும்பும். அது வாடை, ஜனவரி தாண்டியும் இழுக்கும், அப்போது இரண்டு கடல்களும் குணத்தை மாற்றிக்கொள்ளும். கிழக்கிலிருந்து ஈரத்தோடு வருவது கொண்டல். இரண்டு பருவங்களுக்கும் நடுவில், மார்ச்சும் ஏப்ரல் தொடக்கமும், காற்று ஓய்ந்திருக்கும். சைக்கிள் பழக அதுதான் நல்ல காலம்.

இன்னொன்று: பெரும்பாலான நாட்களில் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், பத்து மணிக்கு மேல் ஏறும், சாயங்காலம்தான் உச்சம். இதை வைத்து வீட்டையும் வேலையிடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கீழக்கரை ராமநாதபுரத்துக்குத் தெற்கே 17 கி.மீ. கச்சான் காலத்தில் ராமநாதபுரத்தில் வீடு, கீழக்கரைப் பக்கம் வேலை என்றால் காலையில் அடங்கிய காற்றை எதிர்த்துப் போகிறீர்கள், சாயங்காலம் பலத்த காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். இதையே திருப்பிப் போடுங்கள்: கீழக்கரையில் வீடு, ராமநாதபுரத்தில் வேலை. காலையில் சுகமாக வந்துவிட்டு, நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்தபின், அன்றைய பலத்த காற்றை நேருக்கு நேர் எதிர்த்து மிதிக்க வேண்டும். வடகிழக்கே இருக்கும் தேவிபட்டினத்துக்கு வாடைக் காலத்தில் இதே கதை. வாடகை ஐந்நூறு ரூபாய் குறைவு என்று வீட்டைப் பிடித்துவிட்டு, பிறகு ஆறு மாதம் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறவர்கள் இங்கே நிறைய.

எதிர்காற்று எவ்வளவு வேலை வாங்கும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். நீங்கள் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறீர்கள், எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று. உடம்பில் மோதுவது 32 கி.மீ. வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், காற்றில்லாத நாளில் இருந்த தடையைப்போல இது ஏழு மடங்கு. யாரும் ஏழு மடங்கு மிதிப்பதில்லை, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். மணிக்கு 15 கி.மீ.யில் போகிறவர் 9 கி.மீ.க்கு இறங்கினால் எட்டு கி.மீ. தூரத்துக்கு அரை மணி நேரம் என்பது ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். நேரம் போவதை விட, வியர்வையில் நனைந்த சட்டையோடு ஆபீஸில் உட்கார்வதுதான் பலருக்குக் கஷ்டம்.

முந்தின நாள் ராத்திரியே முடிவெடுங்கள்

காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துக் கிளம்புகிற பழக்கம் வெளியூரில் சரி. இங்கே காலை வானம் நன்றாக ஏமாற்றும், ஏழு மணிக்கு ஓர் இலை அசையாது, மூன்று மணிக்கு ரோட்டோரப் பனை மட்டையெல்லாம் படபடக்கும். நீங்கள் முடிவெடுக்க வேண்டியது திரும்பி வரும் நேரத்தை வைத்து.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் எல்லாரும் மழை வரியைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் கடைசியில் வரும் மீனவர்களுக்கான எச்சரிக்கையைப் படியுங்கள். "மன்னார் வளைகுடா மற்றும் குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்" என்று ஒரு வரி இருக்கும். அது கடலுக்குச் சொன்னதுதான், கரையில் அவ்வளவு வராது, ஆனால் மண்டபத்திலும் தீவிலும் கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே எத்தனை மீட்டர் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தாலே வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பதறிப்போய் போன் போடுவார்கள். 1-ம் எண் என்றால் தூரத்தில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது, 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது, இரண்டிலும் அன்றைக்கு இங்கே ஒன்றும் இல்லாமலேகூட இருக்கலாம். 3 ஏற்றினால் திடீர்க்காற்றோடு கூடிய வானிலை இந்தத் துறைமுகத்துக்கே வரப்போகிறது என்று அர்த்தம், சைக்கிளை உள்ளே வைத்துவிடுங்கள். 5-க்கு மேல் போனால் சைக்கிள், பஸ் என்ற பேச்சே வேண்டாம், வீட்டில் இருங்கள்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, மீன்வளத்துறை டோக்கன். விசைப்படகுகள் கடலுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் டோக்கன் தர மாட்டார்கள். "நாளைக்கு டோக்கன் இல்லையாம்" என்ற சேதி டீக்கடைக்கு உடனே வந்துவிடும், உள்ளூர் வாட்ஸப் குழுக்களிலும் ஓடும். ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ டோக்கன் நிறுத்தினால் நானாக இருந்தால் நாள் முழுக்க சைக்கிளைத் தொட மாட்டேன். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது இந்தக் குறிப்பு கிடைக்காது. கச்சான் தொடங்குவதும் அந்தச் சமயம்தான் என்பது எரிச்சல்.)

வண்ண எச்சரிக்கை மழைக்கு. மஞ்சள் என்றால் பெரும்பாலும் 6 முதல் 11 செ.மீ., ஆரஞ்சு 12 முதல் 20, சிவப்பு அதற்கும் மேல். மாவட்டத்தின் ஆண்டு மழையே சுமார் 80 செ.மீ.தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது, வருஷக் கணக்கில் பாதி. அந்த மாதிரி நாளுக்கு எந்த வழிகாட்டியும் உதவாது. நம் கவலை மஞ்சளும் ஆரஞ்சும்தான்.

போனில் விண்டி மாதிரி ஒரு காற்று ஆப் வைத்துக்கொள்ளுங்கள். என் அளவுகோல் இது: மணிக்கு 15 கி.மீ. வரை கவலையே இல்லை. 15 முதல் 25 வரை எதிர்த்திசை என்றால் கூடுதலாக இருபது நிமிடம் வைத்துக்கொண்டு கிளம்பலாம். 25 முதல் 35 வரை இரண்டு மூன்று கி.மீ. தூரம், ஊருக்குள் மட்டும். அதற்கு மேல் பஸ். பக்கக்காற்றாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எதிர்காற்று களைக்க வைப்பதோடு சரி, பக்கக்காற்று உங்களை லாரிப் பக்கம் தள்ளும். ஆப்பில் காற்று நாட் (knot, கடல்வழி வேக அளவு) கணக்கில் காட்டினால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட கி.மீ. வந்துவிடும்.

சைக்கிளை இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள்

கியர் சைக்கிள் இருந்தால் காற்றுக்கு நல்லது. இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அதைவிட முக்கியம் ரிம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் மாதிரியான சாதாரண வண்டிகளில் இரும்பு ரிம்தான் இருக்கும். மழையில் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது. நனைந்த ரோட்டில் போகும்போது அவ்வப்போது பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போங்கள், நிறுத்த வேண்டிய இடத்துக்கு இரண்டு மடங்கு தூரம் முன்னாலேயே பிடிக்கத் தொடங்குங்கள். அலுமினிய ரிம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

உப்பு. கடலோரத்தில் நிறுத்தி வைத்த வண்டியின் செயினில் இரண்டே நாளில் செம்பழுப்பாகத் துரு பூக்கும், ஸ்போக் முனையில் வெள்ளையாகப் படியும், விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவு என்று சொல்வது சுலபம், குடம் விலைக்கு வாங்குகிற தெருவில் சைக்கிள் கழுவினால் வீட்டுக்காரம்மா ஒரு பார்வை பார்ப்பார். அரை மக் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும், உப்பு கரைந்துவிடும். காய்ந்ததும் தையல் மிஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் செயினில் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்துக்கொள்ளும். கிரீஸை அள்ளி அப்பினாலும் அதே கதிதான்.

முள். இந்த மாவட்டத்தில் சீமைக் கருவேலம் இல்லாத ரோட்டோரம் கிடையாது. பெரிய காற்றோ மழையோ அடித்த மறுநாள் ஒடிந்த கிளைகளும் முள்ளும் ரோட்டின் ஓரத்தில் சேர்ந்து கிடக்கும், சரியாகச் சைக்கிள் போகிற இடத்தில். அன்றைக்கு ஓரத்தை விட்டு ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டுங்கள். ஒரு உதிரி டியூப், கைப்பம்பு, டயர் கழற்றுகிற லீவர் இரண்டு, இவை பையில் இல்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகாதீர்கள். அடுத்த பஞ்சர் கடை பத்து கி.மீ. தள்ளியும் இருக்கலாம், அது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம். பஞ்சர் ஒட்டினால் மட்டும் போதாது, டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி முள் முனை உள்ளே நிற்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் நிற்கும்.

மழைக்கோட்டு வாங்கும்போது தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வை மாதிரியானதை வாங்காதீர்கள். வாடையில் அது வத்தைப் படகின் பாய் மாதிரி காற்றைப் பிடித்து உங்களை ரோட்டை விட்டு இறக்கிவிடும். சட்டையும் பேன்ட்டுமாக வருவதை வாங்குங்கள், மஞ்சளோ ஆரஞ்சோ, கறுப்பும் நீலமும் மழையில் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் சிவப்பு லைட் கட்டாயம். ஃபைலும் போனும் ஜவுளிக்கடைப் பையில் இரண்டு சுற்று. புடவை, துப்பட்டா, வேட்டி எதுவானாலும் காற்று நாளில் செயின் பக்கம் போகாமல் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும், செயின் கவர் இருந்தாலும்தான்.

ரோட்டில்

தரைப்பாலம் பற்றி முதலில். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும். முழங்கால்கூட இல்லை என்று தோன்றும். வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், சைக்கிள் சக்கரம் அதற்குக் கூடுதல் பிடி. கீழே ரோடு இருக்கிறதா அரித்துப் போயிருக்கிறதா என்றும் தெரியாது. எளிய விதி: எதிரே வந்த பஸ் கடந்து வந்ததா என்று விசாரியுங்கள், டவுன் பஸ் டிரைவர் திருப்பிக்கொண்டு போயிருந்தால் நீங்களும் திரும்புங்கள். அவர் அந்த ரோட்டில் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர். ரயில்வே சுரங்கப்பாதைகளிலும் இதேதான், மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் அவற்றில் தண்ணீர் நிற்கும்.

இடி. அக்டோபரில் மழை தொடங்கும்போதும் ஏப்ரல், மே கோடை மழையிலும் சாயங்கால இடி சகஜம். திருப்பாலைக்குடி, உப்பூர் பக்கத்து உப்பளங்களை ஒட்டிய ரோட்டில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு அதை விட்டு விலகி, கட்டடத்துக்குள் அல்லது நிற்கிற பஸ்ஸுக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். பனை மரத்தடியில் மட்டும் நிற்கவே கூடாது. காற்று நாளிலும் அப்படித்தான், காவோலை தலையில் விழுந்தால் ஹெல்மெட்டே உதவாது.

பாம்பன் ரோட்டுப் பாலம் தனி விஷயம். 1988-ல் திறந்தது, இரண்டு கி.மீ.க்கும் மேல் நீளம், நடுவில் கப்பல் போக உயரமாக இருக்கும், இரண்டு பக்கமும் வெறும் கடல். கீழே மண்டபத்தில் தாங்கக்கூடிய காற்று மேலே போனால் தாங்காது. இணைப்புகளில் இருக்கும் இரும்புத் தகடுகள் மழையில் வழுக்கும், அவற்றைக் குறுக்காகக் கடக்காமல் நேராக, பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். சுற்றுலா வேன்கள் நடுப்பாலத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும், அவற்றைச் சுற்றிப் போகும்போது வேனின் மறைவிலிருந்து வெளியே வந்த அந்த நொடியில் பக்கக்காற்று மொத்தமாக வந்து அடிக்கும். பெரிய பஸ் உங்களைக் கடக்கும்போதும் அதே, முதலில் காற்று நிற்கும், அப்புறம் இரட்டிப்பாக வரும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், உடம்பைத் தாழ்த்தி, முழங்கையைத் தளர்த்தி ஓட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். அதைவிட, பாலத்தின் இந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுவது உத்தமம். மண்டபத்தில் ஒரு டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னது: "பாலத்துக்கு மேல கச்சான் கிட்ட வம்பு வச்சுக்காதீங்க தம்பி, வண்டிய இங்கயே நிறுத்திட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

தனுஷ்கோடி ரோடு வேலைக்குப் போகிற வழியாகச் சிலருக்குத்தான் இருக்கும். கச்சான் காலத்தில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டின் மேல் மணல் ஏறிக் கிடக்கும், முன்சக்கரம் புதைந்தால் சைக்கிள் மட்டும் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

வெயிலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதற்குத்தான் தயாராக வந்திருக்கிறீர்கள். மே மாதம் ஆறரைக்குக் கிளம்பி எட்டுக்குள் போய்ச் சேருங்கள், மாற்றுச் சட்டை ஆபீஸில் இருக்கட்டும், சாயல்குடிப் பக்கம் ரோட்டோரத்தில் பதநீரும் நுங்கும் கிடைத்தால் இறங்கிவிடுங்கள்.

பஸ்ஸுக்கு மாறுகிற நாள்

மழை பெய்தால் சைக்கிள்காரர்கள் பஸ்ஸுக்கு வருவார்கள், கூட்டம் கூடும், எந்த ஊரிலும் இது உண்டு. இங்கே கூட்டம் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று, கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டாரா இல்லையா. லீவு அறிவிப்பு காலையில் வந்துவிட்டால் எட்டு மணி டவுன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே போகலாம், வரவில்லை என்றால் புத்தகப் பைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில். இரண்டு, டோக்கன். படகு போகாத மறுநாள் விடிகாலைப் பஸ்ஸில் மீன் கூடைகள் குறைந்திருக்கும்.

மழை நாளில் நடுவழி நிறுத்தத்தில் நின்று காத்திருக்காதீர்கள். நிரம்பிய பஸ் நிற்காமல் போய்விடும், பல நிறுத்தங்களில் நிழற்குடையும் ஒழுகும். கிளம்புகிற இடத்துக்கோ முந்தின பெரிய நிறுத்தத்துக்கோ போய் ஏறுங்கள், இரண்டு கி.மீ. பின்னால் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்: "அண்ணே, உச்சிப்புளி நிக்குமா?" மதுரை, ராமேஸ்வரம் ஒன் டு ஒன் பஸ்கள் நடுவில் நிற்காது, ராத்திரி வண்டிகளில் சில ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், மழையில் அங்கிருந்து நடப்பது கொடுமை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் டிக்கெட் இலவசம், விடியல் பயணத் திட்டம். எக்ஸ்பிரஸில் செல்லாது, அவசரத்தில் ஏறிவிட்டுத் தகராறு வேண்டாம்.

எந்தப் பக்கம் உட்கார்வது என்பதும் முக்கியம். வாடைக் கால மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் இடப்பக்கம் நனையும், டிரைவர் பக்கம் உட்காருங்கள், திரும்பும்போது இடப்பக்கம். ஜன்னல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள், சில பஸ்களில் அது அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் கட்டுவது நல்ல நாளில் நடக்கும், புயல் காற்றில் கரண்ட் போய் டவரும் படுத்துவிட்டால் இருபது ரூபாய் நோட்டுதான் கைகொடுக்கும். கிராமத்துப் பஸ்களின் கடைசி ட்ரிப்பை மழை நாளில் நம்ப வேண்டாம், அது வராமல் போனால் யாரையும் கேட்க முடியாது. அதற்கு முந்தின ட்ரிப்தான் உங்களுடைய கடைசி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோ இருக்கிறது, ஆனால் மழை பிடித்த பிறகு கேட்டால் ரேட் வேறு.

ரயிலும் பாலமும்

மண்டபம், உச்சிப்புளி, வாலாந்தரவை, ராமநாதபுரம், பரமக்குடி என்று ரயில் பாதையை ஒட்டி இருப்பவர்களுக்கு பாசஞ்சர் ரயில் நல்ல துணை. காற்று, கூட்டம் இரண்டிலும் பஸ்ஸை விட மேல், நேரம்தான் ஒத்துவர வேண்டும். தீவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். ரயில் பாலம் கடலுக்குப் பக்கத்திலேயே தாழ்வாக ஓடுகிறது. 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது, ரயில் நின்றுவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போன கரை இது, அந்த ஜாக்கிரதை நியாயம்தான். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்த பிறகும் காற்றைப் பார்த்துத்தான் ரயிலை விடுகிறார்கள். பலத்த காற்று நாளில் ரயில் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிடலாம் என்று வைத்துக்கொண்டு, மிச்ச தூரத்துக்குப் பஸ் காசும் நேரமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ரயில்வே விசாரணை எண் 139-க்கு போன் போட்டுக் கேட்கலாம்.

பாதி சைக்கிள், பாதி பஸ்

நீண்ட நாள் இங்கே ஓட்டுகிறவர்கள் கடைசியில் வந்து சேர்வது இதில்தான். வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை இரண்டு மூன்று கி.மீ. சைக்கிள், அங்கே நிறுத்திவிட்டு பஸ். இதற்கு ஒரு நிறுத்துமிடம் வேண்டும். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் டோக்கன் போட்டு விடலாம். மற்ற இடத்தில் ஒரு கடையைப் பிடியுங்கள். கீழக்கரைப் பக்கம் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) "காக்கா, வண்டிய சாயங்காலம் வரைக்கும் இங்க வச்சுக்கட்டுமா?" என்று கேட்டு, போகும்போதும் வரும்போதும் ஒரு டீ குடித்தால் போதும், மாத வாடகை அதுதான். கூரை இருக்கும் இடமாகப் பாருங்கள். சீட்டை ஒரு கவரால் மூடுங்கள். பூட்டைச் சக்கரத்தோடு மட்டும் போடாமல் தூணோடு சேர்த்துப் போடுங்கள், காற்றில் விழாமல் இருக்கவும் அது உதவும்.

காலையில் சைக்கிளில் வந்துவிட்டு சாயங்காலம் காற்றோ மழையோ பிடித்தால் வண்டியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போய்விடுங்கள், மறுநாள் பஸ்ஸில் வந்து எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றலாம் என்ற நினைப்பு வேண்டாம், டவுன் பஸ்களில் மேலே கேரியரே கிடையாது. அவசியமென்றால் மீன் இறக்கிவிட்டுத் திரும்பும் குட்டி யானை வேன் ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்துங்கள், வாசனை கொஞ்சம் இருக்கும். ஆபீஸில் மேலதிகாரியிடம் அக்டோபரிலேயே சொல்லி வையுங்கள், மழைநாளில் பஸ்ஸைப் பொறுத்து அரை மணி முன்னே பின்னே ஆகும் என்று; அவரும் எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவராகத்தான் இருப்பார்.

புயல் போன மறுநாள்

முதல் நாள் சைக்கிளை எடுக்காதீர்கள். அறுந்த கரண்ட் கம்பி தண்ணீருக்குள் கிடந்தால் தெரியாது. கண்டால் தள்ளி நின்று மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள், ரோடு அடைபட்டு ஆள் மாட்டியிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மெயின் ரோட்டுப் பஸ்கள்தான் முதலில் ஓடும், கிராமத்து டவுன் பஸ் வர ஓரிரு நாள் ஆகலாம்.

வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சக்கர அச்சு வரை நனைந்ததா என்று பாருங்கள். நனைந்திருந்தால் வெளியே எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை, உள்ளே குண்டுகள் துருப்பிடித்துவிடும், கழற்றி ஓவர்ஹால் பண்ண வேண்டும். ஒரு வாரத்துக்குள் கடைக்குக் கொண்டு போய்விடுங்கள், பள்ளி திறந்துவிட்டால் பிள்ளைகள் சைக்கிள் எல்லாம் வந்து குவிந்து, உங்கள் வண்டிக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.